எண்பது வரை

கடலடியைப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் டைவிங் கடையின் பின்னறையில் ரப்பர் உடைகள் வரிசையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்று நாளுக்கு முன் இங்கிருந்து கடலுக்குள் இறங்கிப் பிணமாக மேலே வந்த கணவனின் செருப்பும் கைக்கடிகாரமும் மேசைமேல் ஒரு பையில் இருக்கின்றன. வாங்கிப்போக வந்தவள் அதைத் தொடாமல் நிற்கிறாள். மகள் அவள் விரலைப் பிடித்திருக்கிறாள். "ஆழத்துல சிலிண்டர் காத்தை இழுத்துட்டு மேல வரும்போது மூச்சை அடக்கவே கூடாதும்மா. விட்டுக்கிட்டே வரணும். அடக்கினா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலையே கிழிச்சிடும்," என்கிறார் பயிற்சியாளர், தரையைப் பார்த்தபடி.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கு ஒரே கூட்டம்மா. பத்து நிமிஷத்துல எல்லாருக்கும்..." உடையிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது. இன்னொன்று. அவள் கண்முன் போன வாரத்துக் குளியலறை நிற்கிறது: தண்ணீர் நிரம்பிய வாளி, "கடலுக்குள்ள போறவன் மூச்சடக்கிப் பழக வேணாமா?" என்று அதில் முகத்தை முக்கிய கணவன், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிய மகள். முதல் நாள் முப்பது. கடைசி நாள் எண்பது. வீடே அதிரக் கைதட்டல். மகளின் காதைப் பொத்த அவள் கை உயர்கிறது. அதற்குள் மகள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"நான்தானேம்மா எண்ணினேன்?"