கண்ணயராத செவலை

ஒரு கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் செவலை என்றொரு நாய் காவல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் படுத்தபடியே பிரசங்கம் கேட்பது அதன் வழக்கம். ஒரு வாரம் உபதேசியார், கடவுள் நம்மைக் காக்கிறவர், அவர் ஒருபோதும் கண்ணயர்வதில்லை என்றார். செவலைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அட, நம்ம வேலைதான் அவருக்கும் என்று நினைத்து, இனி தானும் தூங்குவதில்லை என்று முடிவு கட்டியது.

"உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றது, குஞ்சுகளோடு அங்கே மேய்ந்துகொண்டிருந்த புள்ளிக்கோழி.

"உன் குஞ்சுங்களைப் பருந்து தூக்காம இருக்கத்தான், அக்கா."

முதல் நாள் மிடுக்காகத் திரிந்தது. மறுநாள் மணிக்கயிற்றைப் பாம்பென்று நினைத்துக் கவ்வி இழுக்க, என்னவோ ஏதோவென்று ஊரே ஓடி வந்தது. அதற்கு மறுநாள் உபதேசியாரையே திருடனென்று நினைத்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அவர் பாடுபட்டு வேட்டியை மீட்டுக்கொண்டு போனதும், நின்ற நிலையிலேயே தூங்கி விழுந்தது.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செவலை பதறி எழுந்தது.

"அக்கா, குஞ்சுங்க?"

"எல்லாம் இருக்கு. உன் முதுகுல ஏறி விளையாடிட்டு இப்பதான் இறங்குச்சுங்க."

"நான் தூங்கினப்போ யாரு காவல் பார்த்தது?"

"நீ பிறக்கிறதுக்கு முன்னால யாரு பார்த்தாரோ, அவருதான்."

செவலைக்கு ரோசமாகத்தான் இருந்தது. பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பெரிய கொட்டாவிதான் வந்தது.