தனியாக ஒரு சுற்று

பேருந்து விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் மாசிலாமணிக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயமாக இருந்தது. பணிமனைக்கு வந்த உளவியல் ஆலோசகர் தமயந்தி அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நின்றிருந்த பேருந்தில் தினமும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். முதலில் அவர் வெறுமனே அமர்ந்திருந்தார். பிறகு இன்ஜினை இயக்கினார். போன வாரம் பணிமனைக்குள்ளேயே மெல்ல ஓட்டினார்.

இன்று வாசல்வரை வந்து நிறுத்தினார். வெளியே சாலை இரைந்துகொண்டிருந்தது.

“நீங்க எறங்கிக்கங்க மேடம்.”

தமயந்தி அவர் பக்கம் திரும்பினாள். “ஏன், முடியலையா?”

“நீங்க பக்கத்துல இருந்தா, உங்களாலதான் ஓட்டுறேன்னு தோணுது. தனியாப் போய்ப் பாக்குறேன்.”

அவள் இறங்கினாள். பேருந்து ஒருமுறை குலுங்கிவிட்டு நெரிசலுக்குள் நுழைந்தது.

“திரும்பி வந்துடுவாரா மேடம்?” என்று வாசலில் நின்ற காவலாளி கேட்டார்.

“அவரு ஓட்டுறதப் பாருங்கண்ணே,” என்றாள் தமயந்தி. கண் நிறைந்திருந்தது, பார்வையைத் திருப்பவில்லை.