சந்துப் பக்கக் கதவு

புருஷனுக்கு இரங்கல் கூட்டம். பெண்டாட்டி கடையில உக்காந்து செருப்பு வித்துக்கிட்டு இருக்காங்க. இந்தக் கூத்தை எங்கேயாவது கேட்டிருக்கீங்களா?

வியாபாரிகள் சங்க மண்டபம் நிரம்பி வழியுது. மேடையில எங்க அண்ணனோட பெரிய படம். முன் வரிசையில என் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அது அண்ணிக்குப் போட்டது. ஆளாளுக்கு அதைப் பார்க்கிறாங்க, அப்புறம் என்னைப் பார்க்கிறாங்க.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடிச்சார்.

"ரத்ததானமா, வெள்ளமா, தீ விபத்தா, முதல் ஆளா நிப்பார் நம்ம செருப்புக்கடைக்காரர்! எல்லாத்துக்கும் மேல, ஞாயித்துக்கிழமை தெரு மொத்தமும் கடையடைக்கணும்னு நம்ம அத்தனை பேரோடயும் மல்லுக்கட்டி தீர்மானம் போட்டாரே! இன்னைக்கு நம்ம ஆளுங்க வாரம் ஒரு நாள் பிள்ளை குட்டியோட இருக்காங்கன்னா அது அவராலதான்!"

கைதட்டல் அடங்கவே இல்ல. எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சு.

ஏன்னா எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஊரையே மூடச் சொன்ன மகராசன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முன்பக்க ஷட்டரை இறக்கிட்டு, சந்துப் பக்கக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வியாபாரம் பண்ணுவான். நானே ஒருநாள் வெளிச்சத்தைப் பார்த்துட்டுக் கேட்டேன். "சரக்கு அடுக்கறேன்"னு மழுப்பினான். அண்ணனாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

நல்லவன்தான், இல்லேன்னு சொல்லல. என் கால் அளவு என் புருஷனுக்கே தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். ஆனா பேராசை யாரை விட்டது?

பின்னாடி ஒருத்தர் காதைக் கடிச்சார். "சந்துக் கதவு திறந்திருக்கும்மா. உங்க அண்ணி உள்ள இருக்காங்க. இன்னைக்குக்கூடவா?"

அவ்வளவுதான். எழுந்து விறுவிறுன்னு நடந்தேன். ஞாயித்துக்கிழமைங்கறதால கடைத்தெருவுல ஈ காக்கா இல்ல. சந்துக்குள்ள திரும்பி, கதவைத் தள்ளிக்கிட்டு, வாசல்ல நின்னபடியே ஆரம்பிச்சேன்.

"அண்ணி! ஊரே கைகொட்டிச் சிரிக்குது! ஒருநாள் வியாபாரம் பண்ணலேன்னா குடியா முழுகிடும்?"

அண்ணி தரையில உக்காந்திருந்தாங்க. நிமிரக்கூட இல்ல.

"கொஞ்சம் பேசாம இரு. குதிங்கால் லூஸா இருக்கா பாருங்க தம்பி. நல்லா அழுத்தி நில்லுங்க."

அப்போதான் அலமாரிக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்தேன். கண்ணாடியில ரெண்டு ஊன்றுகோல் சாய்ஞ்சிருந்துச்சு. அவருக்கு இருந்தது ஒரு கால்தான்.

"சரியா இருக்கும்மா"ன்னார். வலது செருப்பை மட்டும் மாட்டிக்கிட்டு, அதுக்கான காசை வச்சுட்டுக் கிளம்பினார். அண்ணி இடது செருப்பைப் பெட்டியில போட்டு மூடி, பரண் மேல வச்சாங்க.

பரணைப் பார்த்தேன். போன வாரம் அங்கே ஒத்தை ஒத்தையா கிடந்ததை எல்லாம் குப்பையில போடப் போனப்போ, அண்ணி என் கையைத் தட்டிவிட்டது ஞாபகம் வந்துச்சு.

"ஒத்தைச் செருப்புக்கு உங்க அண்ணன் பாதிக் காசுதான் வாங்குவார்"னாங்க அண்ணி. "இனாமா குடுத்தா கூச்சப்பட்டுக்கிட்டு அடுத்த தடவை வரமாட்டாங்கம்பார். எப்படி ஆச்சு, எப்போ ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டார். எந்தக் கால்னு மட்டும்தான் கேப்பார்."

"அதை ஏன் அண்ணி ஞாயித்துக்கிழமை ஒளிச்சு மறைச்சு..."

"மத்த நாள்ல இந்தத் தெருவுல முழுசா ரெண்டு கால் இருக்கறவனே நடக்க முடியுதா? வண்டியும் கும்பலும்! ஒருதடவை ஒரு பொண்ணு ஊன்றுகோலோட வந்து இடிபட்டு விழுந்துடுச்சு. தூக்கிவிட்டவனை விட வேடிக்கை பார்த்தவன்தான் அதிகம். அன்னைக்கு ராத்திரி இவர் சாப்பிடல. மறுநாளே சங்கத்துக்குப் போய் சண்டையை ஆரம்பிச்சுட்டார். ஞாயித்துக்கிழமை தெருவையே மூடுங்கன்னு."

வாசல்லயே நின்ன நான் உள்ள போய் அண்ணி பக்கத்துல நின்னேன்.

"கூட்டத்தை வேற கிழமையில வைங்கன்னு தலைவர்கிட்ட எவ்வளவோ சொன்னேன். ஞாயித்துக்கிழமைதான் எல்லாருக்கும் லீவுன்னுட்டார். அங்கே பேச ஆயிரம் பேர் இருக்காங்க. இங்கே யார் இருக்கா? அவங்க வந்து, கதவு பூட்டியிருந்து, திரும்பிப் போகக்கூடாது. நான் உசுரோட இருக்கற வரைக்கும் போகக்கூடாது."

அழாமத்தான் சொன்னாங்க. நான்தான் அழுதேன்.

என் போன் அடிச்சுது. தலைவர்.

"என்னம்மா, அண்ணியைக் கூட்டிட்டு வர்றீங்களா இல்லையா? நன்றி சொல்ல ஆள் இல்ல!"

"வர முடியாதுங்க. கடையில வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமையில கடையா? அவர் போட்ட தீர்மானத்தை அவர் வீட்டு ஆளுங்களே மீறலாமா?"

"மீறலைங்க. அவர் எதுக்காகப் போட்டாரோ, அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

போனை அணைச்சுப் பைக்குள்ள போட்டேன். சந்துல டக், டக்னு சத்தம். வாசல்ல ஒரு அம்மா, ஊன்றுகோலை ஊன்றிக்கிட்டு, உள்ள வரலாமா வேண்டாமான்னு தயங்கி நின்னாங்க. அண்ணி பரண் ஏணியில இருந்தாங்க.

முகத்தைத் துடைச்சுக்கிட்டு நான் போய்க் கதவை அகலமாத் திறந்தேன்.

"வாங்கம்மா, வந்து உக்காருங்க. எந்தக் கால்?"