கிராடியின் ஜன்னல்

மொன்டானா சுரங்கத்தில் வேலை செய்யும் மகனிடமிருந்து ஐந்து மாதமாக நோராவுக்குக் கடிதம் வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் கிராடி தனக்கு வேண்டாதவர்களின் கடிதங்களைப் பதுக்கிவிடுகிறார் என்று தலைநகருக்குப் புகார் எழுதினாள். அது அவர் கையில் சிக்காமலிருக்கப் பன்னிரண்டு மைல் நடந்து அடுத்த ஊரில் தபாலில் சேர்த்தாள். பதில் அவருடைய தபால் ஜன்னலுக்குத்தான் வந்தது. நோராவும் வரிசையில் நின்ற மற்றவர்களும் கேட்க அவரே அதைப் பிரித்து வாசித்தார். புகாரைப் பற்றி அவரிடமே விளக்கம் கேட்டிருந்தார்கள். தன்மேல் குற்றமில்லை என்று அவர் எழுதியிருந்தார். மேலும் நான்கு வருடங்களுக்கு அவரையே நியமித்திருந்தார்கள்.

"ஏம்மா, அவ்வளவு தூரம் நடந்தியே, கால் வலிக்கலையா? நம்ம பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"என் பையன் லெட்டர் ஏதாவது வந்திருக்குங்களா ஐயா?"

கிராடி கம்பிகளுக்கிடையே ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "புகார் பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அப்புறம் தேடிப் பாக்கிறேன்."

அவருடைய முழங்கைக்கு அடியில் ஓர் உறை தெரிந்தது. மொன்டானா முத்திரை, அவளுடைய பெயர். ஆனால் எழுத்து மகனுடையதல்ல. உறையின் நான்கு ஓரங்களிலும் சாவுச் செய்திக்குப் போடும் கறுப்புக் கோடு இருந்தது.

நோரா பேனாவை எடுத்தாள். தன் பெயரை அவள் இவ்வளவு மெதுவாக எழுதியதே இல்லை.