மூன்று எண்ணும் வரை

“உருவும்மா. உன் கையாலயே உருவு.”

சோதனைப் பிரிவுத் தலைவர் ஒதுங்கி வழிவிட்டார். ஆபீஸில் அவருக்கு எமன் என்று பெயர். அவரிடம் போன டிசைன் எதுவும் முதல் தடவையில் உயிரோடு திரும்பியதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா டிரைவை, அதை வடிவமைத்தவரே உருவ வேண்டும். மூன்று எண்ணிவிட்டு மறுபடி செருக வேண்டும். அதுவரை பதிவானதில் ஓர் எழுத்துகூடத் தொலைந்திருக்கக் கூடாது. இங்கே அதுதான் சட்டம்.

பழைய மாடலின் அதே பெட்டிக்குள் நான்கு மெமரி சிப்களைக் கூடுதலாகத் திணித்திருந்தாள் அவள். இடம் பண்ணுவதற்காக, மின்சாரம் போனதும் ஒரு கணம் கைகொடுக்கும் கெபாசிட்டர்களில் பாதியைக் கழற்றிவிட்டாள். ஜெயித்தால், டேட்டா சென்டரில் பத்து அலமாரி நிற்கும் இடத்தில் எட்டு போதும்.

தோற்றால் இன்றோடு புராஜெக்ட்டுக்கு மூடுவிழா. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கும் அவள் குழுவினர் ஐந்து பேருக்கும் வேலை போகும். அவளுக்கும்தான்.

உருவினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

செருகினாள்.

திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசிக் கட்டம் சற்று யோசித்தது. பிறகு அதுவும் பச்சை.

கண்ணாடிக்கு அப்பால் ஒரே கைதட்டல். யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள்.

அவள் மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு சிப் கூடுதல். ஒரு மணி நேரமாக விடாமல் ஓடியிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டிருக்க வேண்டும்.

வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பழைய மாடல் அப்படித்தான் இருக்கும்.

“சார், என்னோடது எங்க?” என்றாள், சத்தம் வெளியே போகாமல்.

எமன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என் டிராயர்ல. நேத்தே உருவிப் பாத்துட்டேன்மா. ஒரே ஒரு ஃபைல்தான் போச்சு. பேசாம சிரிச்ச முகமா கையெழுத்தப் போடு.”

படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். ‘தேர்ச்சி’ என்று எழுதித் தன் கையெழுத்தையும் ஏற்கெனவே போட்டிருந்தார். இருபது வருடத்தில் அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்தாக இருக்கும்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பி, அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு பேனாவை வாங்கி, அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.