பிரேக்கம்மாவுக்கு ஏழரை

ஹீமோகுளோபின் ஏழரை என்று டாக்டர் சொன்னதும் பிரேக்கம்மா கைதட்டினாள்.

மகனுக்கு முகம் சுண்டிப்போனது. ஏழரை என்றாலே சனி. இவள் என்னடாவென்றால் லாட்டரி விழுந்தவள் மாதிரி சிரிக்கிறாள்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் அவள். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பாதி ஊரைக் காப்பாற்றியவள். அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

இந்த வருடம்தான் எல்லாம் கெட்டது. மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. கடைசியில் ஓடுகிற காரில், பிரேக்கில் காலை வைத்தபடியே தூங்கிவிட்டாள்.

"வயசாச்சும்மா, போதும்" என்று மகன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். ஸ்கூலை வாங்க ஆளும் பார்த்துவிட்டான். நாளைக்குக் கைமாறுகிறது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கரை வந்தபோது மல்லுக்கட்டினாள். சிறுநீரகம் பழுதானபோது உப்பை விட்டாள். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மருந்து இருக்கிறது, வயசுக்குத்தான் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை வசதியாகப் போய்விட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினாள். ரத்தத்தை ஊறவைக்கும் வேலையைத் தூண்டிவிடுவதே சிறுநீரகம்தான். அது படுத்துவிட்டதால் ரத்தம் ஊறவில்லை. தெம்புக்கென்று மருமகள் ஊட்டிய பேரீச்சம்பழம் சர்க்கரையை ஏற்றியதுதான் மிச்சம். ஊசி போட்டு, இரும்புச்சத்தும் ஏற்றினால் சில மாதங்களில் தேறிவிடலாம். அதுவரை வண்டிப் பக்கம் போகவே கூடாது.

"கேட்டுக்கிட்டியா? வயசு இல்லடா, ரத்தம்! ஸ்கூல் விக்கறதுக்கு இல்லன்னு அந்த ஆளுக்கு இப்பவே போன் போடு."

மகன் விடவில்லை. "அன்னிக்கு ஓட்டின பொண்ணு கெட்டிக்காரி, ஓரங்கட்டிட்டா, நீ பொழச்சே. வேற யாராவதா இருந்தா?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க."

வண்டியை நிறுத்திய கையோடு, தூங்குகிறவளின் கீழிமையை இழுத்துப் பார்த்து, உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்ததில் பதறி, மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னவள் அவள்தான்.

மகன் டாக்டரை ஏற இறங்கப் பார்த்தான். பிரேக்கம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு ரிவர்ஸ் இன்னும் வரல கண்ணு. சீக்கிரம் ஊசியப் போடு. நான் வர்ற வரைக்கும் வேற யார்கிட்டயும் போய்க் கத்துக்காத."