கழற்ற வேண்டாத பிரேக்

“நாளைக்கே நான் என் காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்னா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் கோரின். எமெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

கல்லாவுக்குப் பின்னால் நின்ற ராஸ்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டான். இந்த மிரட்டலை அவன் கடையில் விடுக்காத மனைவியே கிடையாது.

அரிசோனாவில், பாலைவனத்து நெடுஞ்சாலை ஓரம், வண்டிச் சாமான்கள் விற்றுப் பொருத்தித் தரும் கடை அவனுடையது. குளிர்காலம் வந்தால் போதும், வடக்கே இருக்கிற ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் அடுப்பும் படுக்கையுமாக பஸ் அளவு வீட்டு வண்டிகளில் கிளம்பி வந்துவிடுவார்கள். ஊருக்குள் சுற்ற ஒரு சின்னக் காரையும் பின்னால் கட்டி இழுத்து வருவார்கள். வாசலில் இறங்கிக் கதவைத் திறப்பதற்குள், அந்த ஜோடிக்குக் கல்யாணமாகி எத்தனை காலம் இருக்கும் என்று ராஸ்கோ மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவான். பெரும்பாலும் தப்பாது.

இந்த இருவரும் காரை நிறுத்தியதிலிருந்தே வாக்குவாதம்தான். நிழலில் நிறுத்தவில்லை என்று அவள் குறைப்பட, வெயிலே இல்லையே என்று அவர் முணுமுணுத்தார். நாற்பது வருஷத்துக்குக் குறையாது என்று தீர்மானித்துவிட்டான் ராஸ்கோ.

வந்த விஷயம் பிரேக். இழுத்துவரும் காருக்கென்று தனி பிரேக் இல்லாவிட்டால், முன்வண்டி நின்றாலும் கார் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். எமெட் இத்தனை நாளும் அதெல்லாம் தேவையில்லை என்றே ஓட்டியிருக்கிறார்.

“போன மாசம் மலை இறக்கத்துல இவரு பண்ணின கூத்தைக் கேளுங்க,” என்றாள் கோரின். “பெரிய வண்டி திணறுது, பின்னாடி கட்டின ஜீப் பாம்பு மாதிரி நெளியுது. அந்த ஜீப்போட முதுகுல ஒரு டயர் இருக்கு, அதோட உறையில சிரிச்ச மூஞ்சி ஒண்ணு. அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி என்னைப் பார்த்துச் சிரிக்குது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு.”

“அதான் ஜீப்பை வித்துட்டேனே,” என்றார் எமெட். “இனிமே உன் கார்தான்.”

“நான் விக்கச் சொல்லலையே.”

ராஸ்கோ குறுக்கே புகுந்து சரக்கைக் காட்டினான். முதலாவது ஒரு பெட்டி. ஓட்டுநர் கால் வைக்கிற இடத்தில் அதை உட்கார வைத்தால், முன்வண்டி வேகம் குறையும்போதெல்லாம் அதன் இரும்புக் கை பிரேக்கை மிதிக்கும். ஊர் சேர்ந்ததும் தூக்கி வெளியே வைத்துவிடலாம், வேறு காரிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது காரோடு காராகப் பொருத்துவது. அடியில் ஓட்டை போட்டு, குழாய் இழுத்து முடுக்கிவிட்டால், அந்தக் கார் இருக்கிறவரை அது இருக்கும்.

கொக்கி கழன்றால் என்ன ஆகும் என்று கோரின் கேட்டாள். இரண்டிலுமே கார் தானாக பிரேக் போட்டுக்கொள்ளும் என்று ராஸ்கோ சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. குனிந்து பெட்டியின் கையை அழுத்திப் பார்த்தாள். அவளுக்கு அது பிடித்துவிட்டது.

எமெட் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொருத்துவதுதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். தன் செல்லக் காரில் ஓட்டை போட விடமாட்டேன் என்றாள் அவள். ஒருமுறை போட்ட ஓட்டையை யாராலும் அடைக்க முடியாது, பிறகு மனசு மாறினால் என்ன செய்வது என்றும் கேட்டாள்.

புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலை கொடுப்பதில்லை என்பது ராஸ்கோவின் தொழில் தர்மம். இரண்டுமே நன்றாகத்தான் நிற்கும், அவரவர் சௌகரியம் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தான்.

“பெட்டியே போதும், எமெட்,” என்றாள் கோரின், குரலைத் தணித்து. “பிடிக்கலைன்னா எடுத்துடலாமில்ல?”

எமெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

“எடுக்கிறதும் வைக்கிறதுமா எனக்கு வேண்டாம், கோரின்,” என்றார். “உன் கார் என் வண்டிக்குப் பின்னாடியே வரணும். நீ எனக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து திட்டிக்கிட்டு வரணும். என் காலம் முடியிறவரைக்கும்.”

கோரின் வாசல் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக் கதவு வழியாக வெளியே நின்ற தன் நீலக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எமெட் மூச்சு விடுவதைக்கூட நிறுத்திவிட்டார் போலிருந்தது. ஒரு பிரேக்குக்காக இந்த மனுஷனுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுகிறது என்று ராஸ்கோவுக்குப் புரியவில்லை.

கடைசியில் அவள் கைப்பையைத் திறந்து, கார் சாவியை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள்.

“ஓட்டை போட்டுக்குங்க,” என்றாள்.

எமெட் பெருமூச்சு விட்டபடி பக்கத்திலிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ராஸ்கோவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தொழில் தர்மத்தைக் கொஞ்சம் ஓரம்கட்டி வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டே சொன்னான்: “இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின பிறகும் புருஷன் பேச்சுக்கு விட்டுக்கொடுக்கறீங்களே மேடம், இதைப் பார்க்கவே நல்லா இருக்கு.”

கோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“புருஷனா? இவரு என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டதே இப்பதானே.”